லெஸ்டர் யங்: 1945-க்குப் பிந்தைய பதிவுகளை விட்டுவிடலாமா?

உங்கள் பதிவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாட்டு ஒன்றில் அவர் குரலுக்குப் பின்னால் வரும் சாக்ஸபோன் பிடித்துப்போய், வாசித்தவர் லெஸ்டர் யங் என்று கண்டுபிடித்து, எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அது முதல் கேள்வி. தேடிய இடத்திலெல்லாம் ராணுவத்துக்குப் போய் வந்த பிறகு அவர் பழைய ஆள் இல்லை, 1944 வரை உள்ளதைக் கேட்டால் போதும் என்று எழுதியிருக்கிறார்களே, மீதியை விட்டுவிடலாமா என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். என் பதில்: விடக் கூடாது. அந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் பதிவுகளைத் தேதி வரிசையில் கேட்டால் மாற்றம் வேறு இடத்தில் தொடங்குவது தெரியும்.

நான் டெனர் சாக்ஸபோன் வாசிக்க ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வாத்தியம் கற்றதில் பாதி, இவருடைய சோலோக்களை (தனி வாசிப்புகளை) ஒவ்வொரு வரியாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதி வாசித்ததுதான். அதனால் தொனி, மூச்சு, விரல் பற்றித் தைரியமாகச் சொல்வேன். அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை ஒரு பதிவைக் கேட்டு என்னால் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆரம்பம் எளிது. 1936 நவம்பர் 9, சிகாகோ (சில பழைய இசைத்தட்டு உறைகளில் அக்டோபர் 9 என்று இருக்கும், இன்று பெரும்பாலும் நவம்பரையே ஏற்கிறார்கள்). பியானோ கலைஞரும் பேண்ட் தலைவருமான கவுன்ட் பேஸி அப்போதுதான் டெக்கா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். இசைத்தட்டில் 24 பக்கங்களுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது, அவ்வளவு மோசமான ஒப்பந்தம். அந்தப் பதிவுகள் தொடங்கும் முன்பே ஜான் ஹாமண்ட் என்ற தயாரிப்பாளர் பேஸியையும் இன்னும் சிலரையும் வேறொரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்விட்டார். பேஸி பெயரைப் போட முடியாது, அதனால் தட்டில் 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்று அச்சானது. டிரம்ஸ் ஜோ ஜோன்ஸ், ட்ரம்பெட் கார்ல் ஸ்மித். வழக்கமாக வாசிக்கும் பக் கிளேட்டனுக்கு உதட்டில் காயம், அதனால்தான் ஸ்மித் வந்தார். பேஸ் வால்ட்டர் பேஜ், இரண்டு பாட்டுக்கு ஜிம்மி ரஷிங் குரல். நான்கு பாட்டுகள். யங்குக்கு அப்போது 27 வயது, அதற்கு முன் ஒரு தட்டில் கூட அவர் வாசிப்பு இல்லை. சிறுவயதிலிருந்தே அப்பாவின் குடும்ப பேண்டில் வாசித்தவர், ஊர் ஊராகப் போனவர், ஆனால் அந்த வருஷங்களில் ஒரு நிமிஷம் கூடப் பதிவாகவில்லை. நமக்குக் கிடைக்கும் முதல் லெஸ்டர் யங்கே முழுதாக உருவான லெஸ்டர் யங்.

'லேடி பி குட்' போடுங்கள். பேஸியின் பியானோ முடிந்ததும் யங் வருவார், இரண்டு சுற்று, 64 பார் (பார் என்றால் நான்கு அடி கொண்ட தாள அளவு). அந்தப் பாட்டு எட்டு எட்டு பாராக நான்கு கட்டங்கள் கொண்டது. அந்தக் காலத்து வாசிப்பவர்கள் பலர் ஒரு கட்டம் முடிந்ததும் மூச்சு எடுத்து, அடுத்ததைப் புதிதாக ஆரம்பிப்பார்கள். இவர் கட்டத்தின் எல்லையைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, அடுத்ததற்குள் இரண்டு பார் போன பிறகு சாவகாசமாக நிறுத்துவார். அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு) சத்தம் மட்டும் கேட்கும், அதையும் தன் வாசிப்பில் ஒரு பகுதி மாதிரி விட்டுவைப்பார். இதை எழுதி வாசிக்கப் பார்த்தபோது சுரங்கள் ஒரு வாரத்தில் வந்துவிட்டன, எங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்பது வருவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது. 'ஷூ ஷைன் பாய்' இன்னும் வேகம், அதற்கு இரண்டு டேக் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே பாட்டில் அவர் இரண்டு முறை எப்படி வேறு வேறு இடத்துக்குப் போகிறார் என்று அருகருகே கேட்கலாம்.

இது ஏன் அப்போது புதுசாக இருந்தது என்று சொல்ல வேண்டும். டெனர் சாக்ஸபோன் என்றால் அன்றைக்கு கோல்மன் ஹாக்கின்ஸ்தான்: கனமான நாதம், அகலமான வைப்ரேட்டோ (சுரத்தை நடுக்கி ஊதுவது), ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மேலும் கீழும் ஏறி இறங்கி அளக்கும் வாசிப்பு. யங் பிடித்துக்கொண்டது ஃப்ராங்கி டிரம்பவர் என்பவரை. டிரம்பவர் வாசித்தது டெனரைவிடச் சின்னதான சி-மெலடி சாக்ஸபோன். அந்த லேசான நாதத்தை டெனரில் கொண்டுவரப் பார்த்தேன் என்று யங்கே சொல்லியிருக்கிறார். 1934-ல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்டில் ஹாக்கின்ஸ் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தபோது உடன் வாசித்தவர்களுக்கு அந்த நாதம் பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி லியோரா, ஹாக்கின்ஸ் தட்டுகளைப் போட்டுக் காட்டி இப்படி வாசி என்று பாடம் எடுத்தார். சில மாதங்களில் யங் விலகிவிட்டார். அந்த பேண்டில் அவர் வாசித்ததற்கு ஒரு பதிவும் கிடையாது, எனக்கு மிகவும் வருத்தமான இடம் அது.

பேஸியோடு டெக்காவில் 1937 முதல் 1939 ஆரம்பம் வரை வாசித்தவை அடுத்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. பேஸி பேண்டில் டெனர் வாசித்தவர்கள் இரண்டு பேர். மற்றவர் ஹெர்ஷல் எவன்ஸ், ஹாக்கின்ஸ் வழியில் கனமாக வாசிப்பவர். நான் கற்க ஆரம்பித்தபோது வாங்கிய ஒரு கேசட்டில் யார் யார் வாசித்தார்கள் என்ற விவரமே இல்லை. 'ப்ளூ அண்ட் சென்டிமென்டல்' பாட்டின் டெனர் சோலோவை யங் என்று நினைத்து மாதக்கணக்கில் வாசித்தேன், அது எவன்ஸ். அதே பாட்டில் கடைசியில் கொஞ்ச நேரம் மெல்லியதாக வரும் கிளாரினெட்தான் யங். 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' பாட்டிலும் பியானோவுக்குப் பிறகு முதலில் வரும் டெனர் எவன்ஸ், டிராம்போன் முடிந்து வருபவர் யங். இருவரையும் இப்படி அடுத்தடுத்து கேட்டால் வித்தியாசம் பத்து விநாடியில் பிடிபடும். எவன்ஸ் 1939 பிப்ரவரியில் இதய நோயால் இறந்துபோனார், முப்பதைத் தொடுவதற்குள். அவருக்கும் நல்ல காது கொடுங்கள், யங்கின் எதிர்ப்பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

1939-ல் பேஸி வேறு கம்பெனிக்கு மாறியதும் 'டாக்ஸி வார் டான்ஸ்' (மார்ச்), 'லெஸ்டர் லீப்ஸ் இன்', 'டிக்கீஸ் ட்ரீம்' (இரண்டும் செப்டம்பர் 5, ஏழு பேர் குழு). ஒரே ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த மூன்று. 'லெஸ்டர் லீப்ஸ் இன்' சோலோவின் இரண்டாவது சுற்றில் பின்னணி முழுக்க நின்று நின்று அடிக்கும், அவர் அந்த வெற்றிடத்தின் மேல் நடப்பார். இந்தக் கால வாசிப்பில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரே சுரத்தையே திரும்பத் திரும்ப ஊதுவார், ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி ஒலிக்கும். ஒரே சுரத்துக்கு இரண்டு விதமாக விரல் வைக்கலாம், ஒன்றில் நாதம் திறந்து வரும், மற்றதில் கொஞ்சம் அடைத்தாற்போல் வரும், இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். டெனர் வைத்திருப்பவர்கள் செய்து பாருங்கள், விரல் கஷ்டமே இல்லை, தாளத்தோடு அதைப் பொருத்துவதுதான் கஷ்டம்.

பில்லி ஹாலிடேயோடு முதல் பதிவு 1937 ஜனவரி 25, பியானோ கலைஞர் டெடி வில்சன் குழுவின் பெயரில். நீங்கள் கேட்டது எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை, ஆனால் 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்', 'மீன் டு மீ', 'எ செயில்போட் இன் தி மூன்லைட்' மூன்றையும் கேளுங்கள். கடைசிப் பாட்டு சாதாரணமான மெட்டு, வேறு யாராவது பாடியிருந்தால் இன்று ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஹாலிடே ஒரு வரியை முடித்து மூச்சு எடுக்கும் அந்த அரை நொடியில் யங் நுழைந்து, அவர் திரும்ப வாய் திறப்பதற்குள் வெளியே போய்விடுவார். ஒரு தடவை கூட இருவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள். 'பிரெஸ்' ('பிரெசிடென்ட்' என்பதன் சுருக்கம்) என்று யங்குக்குப் பெயர் வைத்தவர் ஹாலிடே, 'லேடி டே' என்று ஹாலிடேயை அழைத்தவர் யங்.

கிளாரினெட்டைத் தவறவிடாதீர்கள். 1938 செப்டம்பர் 27, கமோடோர் கம்பெனிக்காக கான்சாஸ் சிட்டி சிக்ஸ் என்ற குழு. 'ஐ வான்ட் எ லிட்டில் கேர்ள்' பாட்டில் அவர் கிளாரினெட் ஒலிப்பது போல வேறு எந்த கிளாரினெட்டும் ஒலித்து நான் கேட்டதில்லை. எடி டர்ஹமின் எலெக்ட்ரிக் கிட்டாரும் அதில் உண்டு, அந்த வாத்தியத்தின் ஆரம்ப காலப் பதிவுகளில் ஒன்று.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 1940 கடைசியில் பேஸியை விட்டு விலகினார். 1942 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் நேட் கிங் கோல் பியானோ, ரெட் காலண்டர் பேஸ், இவர் டெனர், டிரம்ஸ் கிடையாது, நான்கு பாட்டுகள். அதில் 'பாடி அண்ட் சோல்' ஒன்று, ஹாக்கின்ஸ் 1939-ல் வாசித்துத் தன் சொத்தாக்கிக்கொண்ட பாட்டு. இதைக் கேட்டுவிட்டு உடனே 1936 'லேடி பி குட்' கேளுங்கள். நாதம் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது: இன்னும் இருட்டு, இன்னும் கனம், சுரங்களின் முனை மழுங்கியிருக்கிறது, வாக்கியங்கள் மெதுவாக வருகின்றன. ராணுவம் அவரைக் கூப்பிட இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. 1943 டிசம்பர் 28-ல் கீநோட் கம்பெனிக்காக ஜானி குவார்னியரி, ஸ்லாம் ஸ்டூவர்ட், சிட் காட்லெட் மூவரோடு வாசித்த 'சம்டைம்ஸ் ஐம் ஹாப்பி' அதே இடத்திலிருந்து இன்னும் ஒரு படி. 1944-ல் சவாய் கம்பெனிக்காக வாசித்த 'கோஸ்ட் ஆஃப் எ சான்ஸ்' மறுபடியும் அதே திசை. இடையில் 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு செய்வதையே நிறுத்திவைத்திருந்தது; சின்ன கம்பெனிகள் முன்கூட்டியே சங்கத்தோடு சமாதானமாகிவிட்டன, பேஸி இருந்த பெரிய கம்பெனி 1944 நவம்பர் வரை இழுத்தடித்தது. அதனால் 1943 கடைசியில் யங் பேஸியிடம் திரும்பிப்போய் வாசித்த ஒன்பது, பத்து மாதங்களுக்குக் கடையில் விற்ற தட்டு என்று எதுவும் இல்லை. 1940-ஐயும் 1945-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பவருக்கு நடுவில் சுவர் ஒன்று இருப்பது போலத் தோன்றுவதற்கு இந்த இடைவெளி பெரிய காரணம் என்பது என் கருத்து. அதே 1944-ல் ஜியான் மிலி எடுத்த 'ஜாமின் தி ப்ளூஸ்' என்ற குறும்படத்தில் அவரைப் பார்க்கவும் முடியும். திரையில் முதலில் வட்டம் வட்டமாக ஏதோ தெரியும், அது அசைந்து மேலே எழும்போதுதான் அவருடைய தட்டைத் தொப்பி என்று புரியும்.

ராணுவத்தில் நடந்ததில் உறுதியானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். 1944 இலையுதிர் காலத்தில் சேர்க்கப்பட்டார். அலபாமாவில் ஃபோர்ட் மெக்லெல்லன் முகாம். 1945 பிப்ரவரியில் கஞ்சாவும் தூக்க மாத்திரையும் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம் தண்டித்தது, ஒரு வருஷச் சிறை, அவமானகரமான வெளியேற்றம். ஜார்ஜியாவில் ஃபோர்ட் கார்டன் சிறைக்கூடத்தில் இருந்துவிட்டு 1945 டிசம்பரில் வெளியே வந்தார். விசாரணையின் பதிவு இருக்கிறது, தான் பல வருஷமாக இவற்றைப் பயன்படுத்துவதை அவரே அதில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அமெரிக்க ராணுவம் 1948-ல் அதிபர் ட்ரூமனின் ஆணை வரும்வரை கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்தே நடத்தப்பட்டது என்பதும் உறுதி. கறுப்பரான அவருடைய பெட்டியில் வெள்ளைக்கார மனைவியின் படத்தைப் பார்த்த அதிகாரி பழிவாங்கினார் என்ற கதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. நடந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை விசாரணைப் பதிவுக்குச் சமமாக வைக்க நான் தயாராக இல்லை. கொடுமை அனுபவித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்தக் கொடுமை அவர் வாசிப்பை அழித்தது என்பதுதான் காதுக்கு நிரூபணமாகவில்லை.

ஏன் என்றால், வெளியே வந்த அதே டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததைக் கேளுங்கள். 'டி.பி. ப்ளூஸ்', அந்த இரண்டு எழுத்தும் சிறைக்கூடத்தைக் குறிப்பவை. பெயருக்கு ப்ளூஸ், அது வழக்கமாகப் பன்னிரண்டு பார் கொண்ட சுற்று, ஆனால் இதைப் பன்னிரண்டு, பன்னிரண்டு, நடுவில் எட்டு, மறுபடி பன்னிரண்டு என்று 44 பாராக அமைத்திருக்கிறார். உடைந்துபோன மனிதர் சிறையிலிருந்து வந்ததும் இப்படி ஒரு வடிவத்தைக் கட்டி, அதற்குள் இவ்வளவு இலகுவாக ஆடுவாரா என்று நீங்களே சொல்லுங்கள். அதே அமர்வில் 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்'. பியானோ டோடோ மர்மரோசா. இப்படி மெதுவான பாட்டு வாசிப்பவர்கள் வழக்கமாக முதலில் மெட்டைச் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவார்கள். இவர் முதல் சுரத்திலிருந்தே தன்னுடைய மெட்டையே வாசிக்கிறார், பாட்டின் நிழல்தான் தெரிகிறது. என்னிடம் அவருடைய ஒரே ஒரு தட்டை வைத்துக்கொள் என்றால் இதை வைத்துக்கொள்வேன், 1936-ஐக்கூட விட்டுவிட்டு.

அடுத்த மாதமே, 1946 ஜனவரி 28, கச்சேரி அமைப்பாளர் நார்மன் கிரான்ஸின் கச்சேரியில் மறுபடியும் 'லேடி பி குட்', இந்த முறை ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் மேடையில். பார்க்கர் 1937-ல் யங்கின் தட்டுகளை வைத்துப் பாடம் செய்தவர். இங்கே யங் கூட்டத்தைப் பார்த்து வாசிக்கிறார், சத்தம் அதிகம், திரும்பத் திரும்ப அதே வாக்கியம். அந்தக் கச்சேரி வரிசையில் இதுபோல நிறைய உண்டு. அவை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவற்றில் குறைவது கவனம்தான், நுரையீரல் பலம் அப்படியே இருக்கிறது.

1950-கள் சீராக இல்லை, இதை மறைக்க மாட்டேன். குடி அதிகமானது, உடம்பு கெட்டது. சில இரவுகளில் மூச்சு வாக்கியத்தின் பாதியிலேயே தீர்ந்துபோவது கேட்கும். 1959 மார்ச்சில் பாரிஸில் பதிவானவற்றை நான் மறுபடி போடுவதில்லை, அந்த மாதம் 15-ம் தேதி நியூயார்க்கில் ஆல்வின் ஹோட்டல் அறையில் இறந்துபோனார், வயது 49. ஆனால் நேர்கோடாக இறங்கவில்லை. 1955 கடைசியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த அவர், 1956 ஜனவரி 12, 13 இரண்டு நாளில் இரண்டு முழு இசைத்தட்டுகள் பதிவு செய்தார், இரண்டாவது நாள் டெடி வில்சன், ஜீன் ரேமி, ஜோ ஜோன்ஸ் மட்டும். 1937-ல் ஹாலிடே பதிவுக்குத் தலைமை தாங்கிய வில்சன், 1936-ல் ஹை-ஹாட் அடித்த அதே ஜோன்ஸ். அதில் 'ஆல் ஆஃப் மீ' இருக்கிறது, 1941-ல் ஹாலிடேயோடு வாசித்த பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து போடுங்கள். 1941-ல் காற்றில் மிதப்பவர் 1956-ல் தரையில் உட்கார்ந்து பேசுகிறார், குரல் கரகரக்கிறது, ஆனால் எங்கே நிறுத்துவது என்ற அறிவு துளிக்கூடக் குறையவில்லை. அதே வருஷம் டிசம்பரில் வாஷிங்டனில் பில் பாட்ஸ் என்ற பியானோ கலைஞரின் குழுவோடு ஒரு சின்ன கிளப்பில் வாசித்ததும் பதிவாகி, அவர் இறந்து பல வருஷம் கழித்து வெளிவந்தது. கடைசிக் காலத்தில் இவ்வளவு நிம்மதியாக வாசித்திருக்கிறாரே என்று அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் 1957 டிசம்பர் 8, தொலைக்காட்சியில் நேரலை, ஹாலிடே பாடும் 'ஃபைன் அண்ட் மெலோ'. இதே பாட்டு சில நாட்களுக்கு முன் ஸ்டுடியோவில் பதிவாகித் தட்டாக வந்தது வேறு, தேடும்போது படம் உள்ளதைப் பாருங்கள். முதலில் இன்னொரு டெனர் கலைஞர் பென் வெப்ஸ்டர். அவர் முடித்ததும் யங் எழுந்து நின்று ஒரே ஒரு சுற்று, பன்னிரண்டு பார், நாற்பது விநாடி போலத்தான். மிகக் குறைவான சுரங்கள். கேமரா ஹாலிடே முகத்துக்குப் போகிறது, அவர் தலையை மெதுவாக ஆட்டுகிறார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று நிறையப் பேர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நீங்கள் அதையெல்லாம் படிக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. அவர் பதிவுகள் ஏழெட்டு கம்பெனிகளில் சிதறிக் கிடப்பதால் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்காது. டெக்கா தனி, கொலம்பியா வழி வந்தவை தனி, கமோடோர், கீநோட், சவாய், அலாடின், வெர்வ் எல்லாம் தனித்தனி. யார் வாசித்தார்கள், எந்தத் தேதி என்ற விவரம் உள்ள தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் எவன்ஸ் விஷயத்தில் நான் செய்ததையே செய்வீர்கள். மலிவான தொகுப்புகளில் இன்னொரு தொல்லை, நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டிப் பதிந்திருப்பார்கள். வீட்டில் கீபோர்டு இருந்தால் 'லெஸ்டர் லீப்ஸ் இன்' போட்டு பி ஃப்ளாட் (B♭) சுரத்தை அழுத்திப் பாருங்கள். பாட்டு அதோடு சேராமல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நின்றால் அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேகம் மாறினால் நாதமும் மாறிவிடும், அப்புறம் 1936-க்கும் 1942-க்கும் நடுவில் நான் சொன்ன வித்தியாசத்தை அதில் கேட்கவே முடியாது.